மூன்றரைக்குப் பிறகு படகு இல்லை

“ஒரே ஒரு தடவை என் பேரச் சொல்லிக் கூப்பிடேன்.”

“மாட்டேன்.”

“கிருஷ்ணராஜ். அவ்வளவுதான். சொன்னா வாயில முள்ளா குத்திரும்?”

“புருஷன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும்.”

“அப்ப நான் தண்ணியில தவறி விழுந்துட்டா எப்படிக் கூப்பிடுவ?”

“ஏங்கன்னுதான் கூப்பிடுவேன்.”

“நல்லாக் கூப்பிட்ட போ. இந்தத் தண்ணிக்குள்ள எத்தன பேரு கெடக்கானுங்களோ. அதுல எவன் என்னான்னு கேப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

கல்யாணமான புதிதில், அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டது அது. மாவுக் கையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள். இருவரும் சிரித்தார்கள். அவர் சட்டையை உதறினார். அதற்கப்புறம் ஆறு வருடங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அவள் ஒரு முறையும் சொன்னதில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மூன்றரை மணிக்கு, பலகைப் பாலத்தின் தலைப்பில் நின்று வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கலாராணிக்கு அந்தப் பேச்சு ஏனோ நினைவுக்கு வந்தது.

பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளியைத் தாண்டி மேலே ஏறும் பாதையில், தேயிலை மலைகள் மூன்று பக்கமும் சரிந்து இறங்கும் இடத்தில் கிடந்தது அந்தக் குளம். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைச் சுழற்றுவதற்காக எப்போதோ தண்ணீர் தேக்கிய இடம். இப்போது அதில் மிதித்து ஓட்டும் அன்னப் படகுகள் எட்டும், கரையில் சிமெந்து பெஞ்சுகளும், தண்ணீருக்குள் இருபதடி நீளும் பலகைப் பாலமும் இருந்தன. பாலத்தின் தலைப்பில் ஒரு அறிவிப்புப் பலகை. பனிக்காலத்தில் மூன்றரைக்குப் பிறகு படகு இல்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பாலத்தில் ஏறக் கூடாது. மஞ்சள் மிதவைகளைத் தாண்டக் கூடாது. குளிக்கக் கூடாது, இந்தக் குளிரில் நன்றாக நீந்துகிறவனுக்கும் கைகால் மரத்துப்போகும். கொஞ்சம் சாய்ந்த அந்த எழுத்து அவருடையது. படகுக்காரராக இருந்த காலத்தில் அவரே பெயின்ட் வாங்கி எழுதியது.

வருகிறவர்கள் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுத்தான் ஜாக்கெட் வாங்க வேண்டும். படகுகள் கரைக்கு வந்ததும் கலாராணி பெயர்களைக் கூப்பிடுவாள். ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் அவர் பெயர் கூப்பிடுவதையும், வரிசையிலிருந்து ஒவ்வொரு குரலாகப் பதில் வருவதையும் கேட்டு வளர்ந்தவள் அவள். டிக்கெட்டை எண்ணினால் போதாதா என்று தோட்டத்துரை ஒருமுறை கேட்டதற்கு, டிக்கெட் பதில் சொல்லாதுங்க என்று சொல்லிவிட்டாள்.

“பவாஸ்.”

“இருக்கேன். இந்த ஜாக்கெட்ட மொதல்ல கழட்டி விடுங்க தங்கச்சி, மூச்சு முட்டுது.”

“அவருக்கு ரெண்டு ஜாக்கெட்ட சேர்த்துத் தைக்கோணும்,” என்றாள் அவருடைய மனைவி. “மதியம் தின்ட கோழி முழுக்க அதுக்குள்ளதான் ஈக்கி.”

“ஸகீனா.”

“இருக்கேன். இவரக் கட்டின நாள்ல இருந்து இருந்துகொண்டுதான் ஈக்கேன்.”

பதுளையிலிருந்து வேனில் வந்த பதினேழு பேரும் சிரித்தார்கள். அவர்களுடைய வாயிலிருந்து புகைபோல மூச்சு எழுந்தது. மலை முகட்டில் உட்கார்ந்திருந்த பனி சவுக்கு மரங்களின் இடையாக மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கரை நாணல் ஏற்கெனவே தெரியவில்லை. பதினேழாவது பெயர் மிப்ரான். அவனும் இருக்கேன் என்றான். அவள் கொப்பியை மூடினாள்.

“இருக்கேன்.”

தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. ஓர் ஆணின் குரல். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பெயரைக் கூப்பிட்ட பிறகு வரிசையில் நிற்கிற ஒருவன் சொல்வது போலச் சாதாரணமாக.

சிரிப்பு நின்றது. பவாஸ் தன் ஆட்களைத் தலை தலையாக எண்ணினார். பதினேழு. இன்னொரு முறை எண்ணினார். “எதிரொலி,” என்றார். “மூணு பக்கமும் மல தானே.” எல்லாருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஜாக்கெட்டுகளைக் கழற்றிக் குவித்துவிட்டு வேனுக்கு நடந்தார்கள்.

கலாராணி மட்டும் அசையவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பதின்மூன்று மாதங்களாகத் தெரியும். ஆனால் அவள் கூப்பிடாமல் அது ஒருநாளும் பேசியதில்லை. வேறு யார் காதிலும் விழுந்ததில்லை. இவ்வளவு வெளிச்சத்தில் வந்ததும் இல்லை.

ஸகீனா திரும்பி வந்தாள். கையில் ஒரு பொதி. “வட்டிலப்பம் மிஞ்சிட்டு. வச்சுக்கோங்க. தனியாவா ஈக்கிறீங்க இங்க?”

“ஆமாங்க. நாளைக்குக் காலைல அண்ணன் வர்றாரு. பதுளையில துணிக்கடையில ஒரு வேலை பாத்து வச்சிருக்காரு. போயிருவேன்.”

“அப்ப இன்டைக்கே வாங்களே. வேன்ல இடம் ஈக்கி.” அவள் கலாராணியின் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. “தங்கச்சிட முகம் சரியில்ல. அதுதான் கேக்குறன்.”

அந்தச் சூடு விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. மனுசக் கை பட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். பிறகு, “சாமான் கட்டணும்ங்க,” என்றாள்.

வேன் போயிற்று. வளைவில் ஒரு முறை ஹாரன் அடித்தது, அடுத்த வளைவில் இன்னொரு முறை, அதற்கும் கீழே எஞ்சின் முனகல் மட்டும், பிறகு அது முனகலா காதின் இரைச்சலா என்று தெரியாத ஏதோ ஒன்று, பிறகு அதுவும் இல்லை. ஞாயிறு என்பதால் தொழிற்சாலையும் மூடிக் கிடந்தது. மதகில் தண்ணீர் ஒழுகும் சத்தம். ஈரத் தேயிலையும் பாசியும் கலந்த வாடை. வேறொன்றுமில்லை.

சாமானெல்லாம் நேற்றே கட்டியாகிவிட்டது. அவளுக்குப் பாக்கியிருந்தது ஒரே ஒரு வேலை. கேட்க வேண்டும். என்னைய விட்ருங்க என்று, வாய் திறந்து, சத்தமாகக் கேட்க வேண்டும். ஒரு வருடமாக நாக்கில் கிடந்து கிடந்து கல்லாகிப்போன வார்த்தை அது.

போன வருடத்துக்கு முந்தைய மார்கழியில் ஒரு படகு கட்டு அவிழ்ந்து நாணல் பக்கம் ஒதுங்கிவிட்டது. மணி நாலரை. பனி இறங்குவதற்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சின்னத் தோணியில் போனார். அவர் தோணியைத் திருப்பும்போதே பனி விழுந்தது. விழுந்தது என்றால், ஒரு துணியை உதறிப் போடுவதுபோல். பனியில் மாட்டிக்கொண்டால் தோணிக்காரனுக்குக் கரையிலிருந்து வருகிற குரல்தான் வழி. குரல் வருகிற பக்கம் துடுப்புப் போட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். பாலத்தின் நுனிக்கு ஓடிப்போய் நின்று கூப்பிட்டாள். ஏங்க. ஏங்க. பெயர் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. இந்த நேரத்தில் போய் அவர் ஆயுசைக் குறைக்கவா என்று ஒரு பயம்.

“இருக்கேன்,” என்று பதில் வந்தது.

வந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். இருக்கேன். நாணல் பக்கமிருந்து. இன்னொரு முறை. இருக்கேன். மதகுப் பக்கமிருந்து. ஒரு மணி நேரம் அவள் கூப்பிட்டாள், ஒரு மணி நேரம் பதில் வந்தது. அதனால்தான் அவள் தொழிலாளர் லயத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வரவில்லை. பதில் சொல்கிற மனிதனை எதற்குத் தேடுவது?

மூன்றாம் நாள் முக்குளிப்பவர்கள் வந்து அவரை எடுத்தார்கள். தூரத்தில் இல்லை. பாலத்துக்குக் கீழே. அவள் குரலைப் பிடித்துக்கொண்டு சரியாகத்தான் வந்திருக்கிறார். தோணி தூணில் மோதிக் கவிழ்ந்து, ஜாக்கெட்டின் வார் தண்ணீருக்கடியில் இருந்த ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. பனி விழுந்த ஐந்து பத்து நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருக்கும் என்றார்கள். அவள் நின்று கூப்பிட்ட பலகைக்கு நேர் கீழே.

அப்படியானால் பதில் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. எதிரொலியாக இருக்கும் என்று பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். எதிரொலி என்றால் ஏங்க என்றல்லவா வர வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, முதல் சாயங்காலமே, வீட்டின் நிசப்தம் தாங்காமல் அவள் பாலத்தின் நுனிக்குப் போய் ஏங்க என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இருக்கேன் என்று வந்தது. அது அவர் இல்லை என்று அவளுடைய உடம்புக்குத் தெரிந்தது. கால் மயிர் சிலிர்த்தது. ஆனாலும் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அன்றைக்கு என்ன சமைத்தாள், யார் வந்தார்கள், முதுகு எங்கே வலிக்கிறது என்றெல்லாம் சொல்லத் தொடங்கினாள். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான். அந்த ஒரு வார்த்தையும் இல்லாமல் தூங்குவதைவிட அது பரவாயில்லையாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து அண்ணன் லுணுகலையில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் நாள் விடியக்காலையில் அவள் கண் விழித்தபோது, பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் மகள் விதுஷாவின் பாயைச் சுற்றி ஈரக் கால்தடங்கள் இருந்தன. பெரிய தடங்கள். பாசி வாடை. பிள்ளையின் தலைமாட்டில் வந்து நின்றிருந்தன, திரும்பிப் போன தடம் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிக் குளத்துக்கு வந்துவிட்டாள். அவள் இங்கே இருந்தால் அதுவும் இங்கே இருக்கும். விடச் சொல்லிக் கேட்காமல் அவளால் எங்கேயும் போக முடியாது. கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. கேட்டு, அது போய்விட்டால், பிறகு சாயங்காலம் அவள் யாரிடம் பேசுவாள்?

ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த போன் அடித்தது. வீட்டில் அந்த ஓரத்தில் மட்டும்தான் சிக்னல்.

“கலா, காலைல ஒன்பதுக்கெல்லாம் வந்துருவேன். கட்டிட்டியா?” அண்ணன் சின்னராசா.

“கட்டிட்டேன் அண்ணே.”

“அந்த அலுமாரியத் தூக்கிட்டு வரணும்னு மட்டும் சொல்லிராத. வேன் அழகரோடது. ஒரு கீறல் விழுந்தாலும் ஒரு மாசத்துக்குப் பொலம்புவான். அவன் பொண்டாட்டி ரெண்டு மாசத்துக்குப் பொலம்பும்.”

“அது இங்கயே கெடக்கட்டும்ணே.”

“இந்தா, ஒன் மருமக பேசணுமாம்.”

போனில் உரசல். பிள்ளையின் மூச்சு. “அத்த.”

“சொல்லு கண்ணு.”

“மாமாவும் ஒங்ககூட வர்றாரா?”

கலாராணி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “எந்த மாமா?”

“நம்ம மாமாதான். காலைல வாசல்ல நின்னாரு. சட்டையெல்லாம் தண்ணி. அத்த வரும்போது நானும் வாரேன், ஒம் பக்கத்துல எடம் போட்டு வையின்னாரு.”

போனை யாரோ பிடுங்கும் சத்தம். “பிள்ளைக்குக் காய்ச்சல்,” என்றார் அண்ணன். “ராத்திரியில இருந்து என்னமோ உளறுது. நீ ஒண்ணும் நெனைக்காத. கதவப் பூட்டிட்டுப் படு.”

அவள் போனை வைத்தாள். மணி ஐந்தேகால். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனால் அது எங்கிருந்தும் வருகிற வெளிச்சமாக இல்லை. கழுவின பாத்திரத்துத் தண்ணீர்போல வெள்ளையாக ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பெஞ்சுகள் இல்லை. அறிவிப்புப் பலகை இல்லை. வாசலிலிருந்து நாலெட்டுத் தரை மட்டும் இருந்தது, அதற்கப்பால் உலகமே இல்லை. அவள் இங்கே இருக்கும்போதே அது பிள்ளையின் வாசல்வரை போய்விட்டது. இனி நாளைக்கு என்று தள்ள முடியாது. ஒன்பது மணிக்கு வேன் வந்துவிடும். அவள் ஏறினால் அதுவும் ஏறும்.

விளக்கை அணைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுவரில் தொங்கிய ஜாக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜாக்கெட் இல்லாமல் பாலத்தில் யாரும் ஏறக் கூடாது, அவளும்தான். நெஞ்சு வாரை இறுக்கினாள். கீழ் வார் நீளம் அதிகம், தரையில் புரண்டது. விரல் விறைத்திருந்ததால் அதைச் சுருக்க முடியவில்லை. அப்படியே விட்டாள்.

படகுக் கொட்டகையைத் தாண்டும்போது ஒரு சத்தம் கேட்டது. கிறீச். சற்று நிறுத்தி, கிறீச். எட்டுப் படகுகளையும் அவள்தான் மேலே இழுத்துச் சங்கிலி போட்டிருந்தாள். எட்டும் தரையில்தான் இருந்தன. அன்னங்களின் கழுத்துகள் பனிக்குள் வரிசையாக ஒரே பக்கம் பார்த்தன. கடைசிப் படகின் மிதிகட்டைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல். ஒரு கால் அழுத்தி, மறு கால் அழுத்தி, களைத்துப்போன ஓர் ஆள் மிதிப்பதுபோல. இருக்கையில் யாரும் இல்லை. இருக்கைக்குக் கீழே தண்ணீர் தேங்கி, விளிம்பு வழிந்து, மண்ணில் சொட்டியது.

அவள் ஓடவில்லை. ஓடினால் கேட்க முடியாது.

பாலத்தில் கால் வைத்தாள். பலகைகள் பனியில் வழுக்கின. ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை உரசி உரசி நடந்தாள். பத்தாவது பலகை. பதினைந்தாவது பலகை. திரும்பிப் பார்த்தாள். கரை தெரியவில்லை. முன்னால் தண்ணீரும் தெரியவில்லை. கீழே மட்டும் அது தூண்களை நக்கும் சத்தம். நுனிக்கு வந்து நின்றாள்.

“ஏங்க.”

பதில் இல்லை.

இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அவள் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். பனி காதில் பஞ்சுபோல் அடைத்துக்கொண்டது.

“ஏங்க. இருக்கீங்களா?”

இல்லை. ஒன்றுமில்லை. போய்விட்டதா? கேட்காமலே போய்விட்டதா? நெஞ்சில் ஏதோ இளகியது. அதே நொடியில், அதற்கும் அடியில், இன்னொன்று வலித்தது. இனி யாருமே இல்லை. இந்த மலையில், இந்தத் தண்ணீரில், அவளுக்குப் பதில் சொல்ல ஒரு குரலும் இல்லை. கண்ணில் நீர் வந்தது, கன்னத்தில் இறங்குமுன்பே குளிர்ந்தது.

“ஏங்க.”

அது அவள் சொன்னதில்லை.

அவள் வாய் மூடியிருந்தது. தண்ணீருக்கு மேலே, பத்தடி தூரத்தில், அவளுடைய குரல். கொஞ்சம் கரகரத்து, கடைசி எழுத்தை இழுத்து, பதின்மூன்று மாதங்களாக அவள் கூப்பிட்ட அதே மாதிரி.

“ஏங்க. இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்று பதில் வந்தது. பின்னாலிருந்து. கரையிலிருந்து. அவளுடைய வீட்டுக்குள்ளிருந்து.

அவள் திரும்பினாள். பனிக்குள் ஒரு மஞ்சள் சதுரம். ஜன்னல். விளக்கு எரிந்தது. சாவி முந்தானையில் கனத்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவளுக்குப் பழகின சத்தம்தான். அவர் படகு வேலை முடிந்து வீட்டுக்குள் வரும்போது கேட்கிற சத்தம். இப்போது உள்ளேயிருந்து வெளியே வருகிற சத்தம்.

படியில் ஈரக் கால் பட்டது. சளக்.

மண்ணில். சளக். சளக்.

பலகையில்.

ஆள் தெரியவில்லை. பனி விலகவும் இல்லை. ஆனால் பாலத்தின் தலைப்பில் ஒரு பலகை கறுத்தது. அடுத்தது கறுத்தது. பெரிய கால்தடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. அவசரமில்லை. ஒரு கால். மறு கால்.

பின்னால் தண்ணீரில் அவளுடைய குரல் மெல்லச் சிரித்தது. மாவுக் கையால் அவர் முதுகில் அடித்த அன்று அவள் சிரித்த சிரிப்பு.

அவள் ஓரத்துக்கு விலகப் பார்த்தாள். முடியவில்லை. எதுவோ இழுத்தது. குனிந்தாள். ஜாக்கெட்டின் கீழ் வார். இரண்டு பலகைகளுக்கு நடுவே இறங்கியிருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. பிடிக்கப்பட்டிருந்தது. கீழேயிருந்து ஒரு சுண்டு. இன்னொரு சுண்டு. முழங்கால் மடங்கி அவள் பலகையில் விழுந்தாள்.

இடுக்கில் மூன்று விரல்கள்.

வெளுத்து, ஊறி, நகம் கழன்றவை. நடுவிரலில் கயிறு அறுத்த பழைய தழும்பு. அந்தத் தழும்புக்கு அவள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினாள். அந்த விரல்களை ஆறு வருடங்கள் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

இவர்தான்.

பேசவில்லை. பேச வாயில்லாமல், தண்ணீர் நிறைந்து, இங்கேயே இருந்திருக்கிறார். அவள் ஒவ்வொரு சாயங்காலமும் இவர் தலைக்கு மேல் நின்று, பெயர் சொல்லாமல், வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறாள். வேறு யாரிடமோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தன் குரலை, தன் வீட்டை, பிள்ளை படுக்கிற பாயைக்கூட அதற்குக் கொடுத்திருக்கிறாள்.

விரல்கள் வாரைச் சுற்றி இறுகின. போகாதே என்கிறாரா? தன்னோடு வரச் சொல்கிறாரா? தெரியவில்லை. நெஞ்சு பலகையில் அழுந்தியது. கொக்கியைத் தேடினாள். விரல்களில் உணர்வில்லை. கொக்கி கிடைத்தது. திறக்கவில்லை.

சளக்.

பத்துப் பலகை தூரம்.

சளக்.

ஐந்து.

பாசி வாடை. வாயைத் திறந்தாலே உள்ளே போகிற வாடை.

கால்தடங்கள் அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பலகை மெல்லத் தாழ்ந்தது. பக்கத்தில் யாரோ குந்துகிறார்கள். காதின் மேல் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. கழுத்துக்குள் இறங்கியது.

மேலே ஒன்று. கீழே ஒன்று. அவள் கன்னம் ஈரப் பலகையில். இடுக்கின் இருட்டில், விரல்களுக்கு அப்பால், ஏதோ வெள்ளையாக மேலெழுந்து அவள் முகத்துக்கு நேராக நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். விதுஷாவை நினைத்தாள். பிள்ளை பக்கத்தில் போட்டு வைத்திருக்கும் இடத்தை நினைத்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வருடத்துக் கல் நாக்கிலிருந்து புரண்டது.

அவள் சொல்லும்போது, அதே நொடியில், காதோரத்தில் குந்தியிருந்ததிடமும் அதே உதடசைவு. அவளுடைய குரல். அதே அழுகை. இரண்டு பேரும் ஒரே மூச்சில், ஒரு எழுத்தும் முந்தாமல் பிந்தாமல், எது அவள் என்று கீழே பிடித்திருக்கிறவருக்கும் தெரியாதபடி, சேர்ந்து சொன்னார்கள்.

“என்னைய விட்ருங்க.”